டி. வி. சுந்தரம் அய்யங்கார்

தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் மாணவர்க்கு லாரியின் ஓசை புதியதன்று. சென்னையிலிருந்து தென்பாண்டி நாட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, கிண்டி, மீனம்பாக்கம், பல்லாவரம், குரோம்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்து தாம்பரத்தை ஊடறுத்துச் செல்கின்றது. பெருங்களத்தூருக்கு அருகில் நகரைச் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலை பிரிகின்றது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் நோக்கி வெளிவட்டச் சாலை கிளைக்கின்றது. 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பின்னர், தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பஸ்களும் பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படுகின்றன. இரவும் பகலும் இச்சாலையில் உருளும் சக்கரங்களுக்கு ஓய்வில்லை.

இங்கிருந்து மதுரை 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. நிறைந்த பாரத்துடன் செல்லும் பெரிய லாரி ஒன்று, ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். மதுரை சென்று சேர்வதற்குள் அது 100 லிட்டருக்கு மேல் டீசலைக் குடித்துவிடும். அதே லாரியை நிதானமாகச் செலுத்தி லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர் ஓட்ட வல்லவர் ஒருவர், அந்த ஒரு பயணத்திலேயே பத்து லிட்டருக்கு மேல் மிச்சப்படுத்துவார். ஒரு லிட்டர் டீசல் எரியும்போது இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு காற்றில் கலக்கின்றது. ஆகவே, அவர் காத்தது முதலாளியின் பணம் மட்டுமன்று. நாம் உட்கொள்ளும் காற்றையும் ஓரளவு காத்தவர் ஆகின்றார். லாரி ஓட்டுவோர் இதனை மைலேஜ் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவர். அச்சிறு சொல்லுக்குள் எத்தனை உழைப்பு அடங்கியுள்ளது என்பது ஓட்டியவர்க்கே தெரியும்.

இன்று எரிபொருள் வேண்டுமெனில் பங்கில் வண்டியை நிறுத்தினால் போதும். ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னர், அந்தப் பங்குகள் வறண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தென்னாட்டின் சக்கரங்கள் நின்றுவிடாமல் காத்தவர்களுள் தலைசிறந்தவர் டி. வி. சுந்தரம் அய்யங்கார் ஆவார்.

திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரி மலைச்சாரலை அடுத்து அமைந்தது திருக்குறுங்குடி. வைணவர் போற்றும் திருப்பதிகளுள் ஒன்றாகிய அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். அவர் பெயரின் முன்னெழுத்துகளுள் முதலாவது அவ்வூரையே குறிக்கின்றது. கல்வி கற்ற இளைஞர் வழக்கறிஞராதல் அல்லது அரசு அலுவல் தேடுதல் என்பதே அந்நாளைய வழக்கம். அவரும் அவ்வழியிலேயே சென்றார். முதலில் சட்டத் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் இரயில்வேயில் பணியாற்றினார். அதன்பின் வங்கி ஒன்றில் அமர்ந்தார். மாதந்தோறும் தவறாது ஊதியம் தரும் வேலையை விட்டு ஒருவர் விலகுவதென்பது அக்காலத்தில் உற்றார் உறவினர் வியப்புடனும் அச்சத்துடனும் நோக்கும் செயலாகும். அவர் விலகினார். 1911ஆம் ஆண்டில் தம் பெயரால் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1912ஆம் ஆண்டில் பயணிகளை ஏற்றிச் செல்லும் பஸ் தொழிலைத் தொடங்கினார். மதுரை அவருடைய தொழிலின் தலைமை இடமாயிற்று.

அந்நாளில் பஸ் நடத்துதல் எத்தகைய துணிவைக் கோரியது என்பதை இன்று உணர்தல் அரிது. தார் இட்ட சாலைகள் இல்லை. செம்மண்ணும் சரளைக் கல்லும் பரவிய தடங்களில் மாட்டுவண்டிகளே ஆட்சி செலுத்தின. மாடுகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் வழியெங்கும் கிடந்து சக்கரங்களைக் கிழிக்கும். மழைக்காலத்தில் பாலமில்லா ஓடைகள் பெருகி வழியை மறிக்கும். வண்டியும் அதன் உறுப்புகளும் கடல் கடந்து வரவேண்டும், பெட்ரோலும் அவ்வாறே. ஓர் உறுப்பு முறிந்தால் மாற்று உறுப்பு கப்பலேறி வரும்வரை வண்டி கொட்டகையில் முடங்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, மக்களின் ஐயம் ஒன்று இருந்தது. இரயில் நேரத்துக்கு வரும். மோட்டார் வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்று அவர்கள் எண்ணினர்.

அந்த ஐயத்தைப் போக்குவதையே சுந்தரம் அய்யங்கார் தம் முதற்பணியாகக் கொண்டார். பயணி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டி புறப்படவேண்டும் என்பது அவர் நிறுவனத்தின் நெறி. டி.வி.எஸ். பஸ் கடந்து செல்வதைக் கண்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்து முதியோர் சொல்லிவந்தது, இந்நெறிக்குக் கிடைத்த நற்சான்றாகும்.

இதனை வெறும் நேரந்தவறாமை என்று எண்ணிவிடலாகாது. குறித்த நேரத்தில் ஒரு வண்டி நாள்தோறும் ஊர் சேர வேண்டுமானால், அது இடைவழியில் பழுதுறக் கூடாது. பழுதுறாதிருக்க வேண்டுமானால், பழுது தோன்றுவதற்கு முன்பே அதன் உறுப்புகளைப் பார்த்துச் செப்பனிட வேண்டும். இதற்கெனத் தேர்ந்த தொழிலாளரும் பட்டறையும் தேவை. காற்றுக் குறைந்த டயர், தரையோடு உராய்ந்து எஞ்சினின் ஆற்றலை வீணாக்கும். இறுகிய பிரேக்கு, வண்டி ஓடும்போதே அதனைப் பின்னுக்கு இழுக்கும். தூசி அடைத்த வடிகட்டி, எஞ்சினை மூச்சுத் திணறச் செய்யும். இக்குறைகள் ஒவ்வொன்றும் எரிபொருளை உண்பவை. நேரங்காத்த நிறுவனம் இவற்றையும் களைந்தே தீரவேண்டும். மேலும், நேர அட்டவணை நன்கு வகுக்கப்பட்டிருந்தால் ஓட்டுநர் விரையவேண்டிய தேவை எழாது. வேகம் இரட்டித்தால் வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் கற்போர் அறிந்தது. காலந்தாழ்த்திப் புறப்பட்டு வழியில் விரைந்து ஈடுசெய்யும் வண்டியே எரிபொருளை மிகுதியாக எரிக்கின்றது.

தொழில் வளர்ந்தது. சதர்ன் ரோட்வேஸ் என்னும் நிறுவனத்தின் பெயரில் பஸ்களோடு சரக்கு லாரிகளும் ஓடின. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை விற்கும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. வண்டியை விற்பதோடு நில்லாது, விற்ற வண்டியைப் பேணுதற்கு வேண்டிய உறுப்புகளையும் பட்டறைகளையும் அவர்கள் அமைத்தனர். மக்கள் பொறுப்பேற்கும் வயதடைந்ததும் அவர்களைத் தொழிலின் கிளைகளில் அமர்த்தினார். அவருடைய மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தவர். மருத்துவக் கல்வி பயின்று மருத்துவராகி, 1940ஆம் ஆண்டில் காந்தியடிகள் வாழ்த்த கோ. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். பின்னர் அவ்விருவரும் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். அவர் வரலாறு தனியே கற்கத்தக்கது.

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. தொடக்கத்தில் அது நமக்குத் தொலைவில் நிகழ்வதாகவே தோன்றிற்று. 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் சப்பானியர் வசமாயின. மார்ச்சு மாதத்தில் இரங்கூன் வீழ்ந்தது. மலேயா ரப்பர் விளையும் நாடு. பர்மா எண்ணெய் ஊறும் நாடு. டயரும் பெட்ரோலும் ஒருங்கே அரியவாயின. பர்மாவின் எனாஞ்சாவுங் எண்ணெய்க் கிணறுகள் பகைவர் கையில் சிக்காதவாறு, பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினராலேயே ஏப்ரலில் அழிக்கப்பட்டன. அதே ஏப்ரலில் கொழும்பு, திருக்கோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின்மீது சப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகர மக்கள் பலர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களை நோக்கிப் பெயர்ந்தனர். இரயிலும் பஸ்ஸும் மிக வேண்டிய வேளையில், பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லை. கிடைத்த எண்ணெய் முதலில் போர்ப்படைக்கே உரியதாயிற்று. எஞ்சிய சிறிதளவே பங்கீட்டு முறையில் பொதுமக்களுக்கு வந்தது.

பஸ் நின்றால் முதலாளிக்கு இழப்பு நேரும் என்பது உண்மையே. ஆனால், அது மட்டுமே சிக்கலன்று. இரயில் எட்டாத ஊரிலிருந்து நோயாளி மருத்துவமனைக்கு வருவதும், நெல்லும் பருத்தியும் சந்தைக்குச் செல்வதும், அஞ்சல் ஊர் சேர்வதும் அந்தச் சக்கரங்களை நம்பியிருந்தன. வண்டியை நம்பி ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தொழிலாளர் ஆகியோரின் குடும்பங்கள் வாழ்ந்தன. அறுபத்தைந்து வயதை எட்டிய சுந்தரம் அய்யங்கார், வண்டிகளைக் கொட்டகையில் நிறுத்திப் போர் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. கரியினின்று வாயுவை உண்டாக்கி அதனால் எஞ்சினை ஓட்டும் கருவியை உருவாக்கச் செய்து, அதனைத் தம் பட்டறையிலேயே உற்பத்தி செய்தார். டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்பது அதன் பெயர். அதனைப் பூட்டிய வண்டியை மக்கள் கரி பஸ் என்று அழைத்தனர்.

இக்கருவியின் அடிப்படை சுந்தரம் அய்யங்கார் முதன்முதலாகக் கண்டதன்று. பிரான்சு நாட்டு வேதியியலாளர் சார்ச்சு இம்பேர் 1920களிலேயே மரக்கட்டையிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் முறையை வகுத்திருந்தார். போர்க்காலத்தில் செருமனி, பிரான்சு, சுவீடன் முதலிய நாடுகளில் இத்தகைய வண்டிகள் பெருந்தொகையாக ஓடின. நம் நாட்டுச் சாலைக்கும், நம் நாட்டுக் கரிக்கும், நம் பட்டறையில் கிடைத்த தகட்டுக்கும் பொருந்துமாறு அதனைச் செய்து தந்தமையே மதுரையின் சிறப்பு.

அது வேலை செய்யும் முறையை அறிதல் நன்று. பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயர இரும்பு உருளை ஒன்று பொருத்தப்படும். அதனுள் மரக்கரியைக் கொட்டி அடியில் நெருப்பு மூட்டுவர். உருளைக்குள் காற்று தாராளமாகப் புகுந்தால் கரி முழுதும் எரிந்து சாம்பலாகிவிடும். அவ்வாறு ஆகாதபடி சிறு துளை வழியாகக் குறைந்த அளவு காற்றே உள்ளே செல்லும். துளைக்கு அருகில் கரி கடுமையாக எரிந்து கரியமில வாயு உண்டாகும். அவ்வாயு அடுத்துள்ள கனன்ற கரியின் ஊடே செல்லுங்கால், கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவாக மாறும். இது எரியும் தன்மை உடையது. கரியில் உள்ள ஈரத்திலிருந்து சிறிது ஐதரசனும் கிடைக்கும். இக்கலவையைக் குழாய்களின் வழியே செலுத்திக் குளிரச் செய்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, வேண்டிய காற்றைக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவர். எஞ்சின் பெட்ரோலை மறந்து கரியால் ஓடும்.

ஆயினும், அது பெட்ரோலுக்கு நிகரானதன்று. காற்றில் பெரும்பங்காக உள்ள நைட்ரசன் எரியாமலே வாயுவோடு கலந்து வருவதால், எஞ்சினின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கும் சில வேளை அதற்கு மேலும் குறையும். மேடு வந்தால் வண்டி முனகும். பயணிகள் இறங்கித் தள்ளியதும் உண்டு. காலையில் நெருப்பு மூட்டி, விசிறியைச் சுழற்றி, வாயு பதமாக வரும்வரை காத்திருக்க வேண்டும். நாள்தோறும் சாம்பலை அகற்றி வடிகட்டியைத் துலக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற கொடிய நஞ்சு. மூடிய கொட்டகைக்குள் கருவி புகைந்தால் உயிருக்கே தீங்கு. அக்காலத்து ஓட்டுநரும் அவர்தம் துணைவரும் கரி படிந்த உடையோடு செய்த இவ்வூழியத்தை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய வண்டி ஓட்டுநருக்குப் புதியதொரு பயிற்சியை அளித்தது. பெட்ரோல் வண்டியில் மிதியை அழுத்தியதும் ஆற்றல் பீறிட்டு வரும். கரி வண்டியில் அவ்வாறு வாராது. எஞ்சின் எவ்வளவு இழுக்கின்றதோ அவ்வளவே வாயு உண்டாகும். திடீரென மிகுதியாகக் கேட்டால் கிடைக்காது. நெடுநேரம் கேளாதிருந்தால் நெருப்புத் தணிந்து வாயு மெலிந்துவிடும். ஆதலால், மேடு வருவதை முன்னரே கண்டு அதற்கேற்ப விரைவு கொண்டு, தக்க வேளையில் கியரை மாற்றி, வேண்டாத இடத்தில் பிரேக்கை மிதிக்காமல், ஒரே சீரான வேகத்தில் செலுத்த வேண்டியிருந்தது. இன்று டீசல் லாரி ஓட்டுவோர்க்குச் சிக்கனப் பயிற்சி அளிப்போரும் இவற்றையே கற்பிக்கின்றனர். முன்னே நெடுந்தொலைவு பார்த்து ஓட்டுதல், நின்ற வண்டியில் எஞ்சினை வீணே ஓடவிடாதிருத்தல், பாரத்தை அளவோடு ஏற்றுதல் என்பனவே அப்பாடத்தின் தலைப்புகள். இன்று பணம் மிச்சமாகும் என்பதற்காகக் கற்பதை, அன்று வண்டி ஊர் சேரவேண்டும் என்பதற்காகக் கற்றனர்.

கரியும் வானத்திலிருந்து விழுவதன்று. இதனை இங்கே சொல்லாமல் விடுதல் முறையாகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் தரும் ஓட்டத்தைப் பெற ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மரக்கரி வேண்டும். விறகை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் பழைய முறையில், ஒரு கிலோ கரிக்கு நான்கைந்து கிலோ விறகு தேவைப்படும். எனவே, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாக ஆறு ஏழு கிலோ மரம் வெட்டப்படும். ஒரு வண்டி நாள்தோறும் ஓடினால் ஆண்டு முடிவில் எத்தனை மரம் வீழும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெட்டிய மரம் மீண்டும் வளரும். பூமிக்கு அடியிலிருந்து எடுத்த எண்ணெய் மீண்டும் ஊறாது. கரியின் மேன்மை இதுவே. ஆனால், வளரும் விரைவினும் மிகுதியாக வெட்டினால் அம்மேன்மை மறைந்து காடு மொட்டையாகும். போர்க்காலத்து இடரைக் கடக்கக் கரி உதவியது. நாட்டின் வண்டிகளை எல்லாம் என்றென்றும் அதனால் ஓட்டியிருக்க இயலாது. இன்று மின்னாலும் இயற்கை வாயுவாலும் ஓடும் வண்டிகளைப் பற்றிப் பேசுவோரும், அந்த மின்னாற்றல் எங்கிருந்து வருகின்றது என்னும் இதே கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்.

டயர் அரிதானபோது அதனைக் காப்பதும் எரிபொருளைக் காப்பதற்கு ஒப்பான கடமையாயிற்று. மேற்புறம் தேய்ந்தாலும் உள்ளுடல் உறுதியாக உள்ள டயரை எறிந்துவிடாமல், அதன்மேல் புதிய ரப்பரை இட்டு வேகவைத்துப் புதுப்பிக்கும் தொழிலையும் டி.வி.எஸ். குழுமம் மதுரையில் வளர்த்தது. புதிய டயர் ஒன்றைச் செய்யச் செலவாகும் ரப்பரிலும் எண்ணெயிலும் சிறு பகுதியே இதற்குப் போதும். கரிக் கருவியைப் போர் முடிந்ததும் கழற்றிவிட்டனர். டயர் புதுப்பிக்கும் தொழிலோ நிலைத்துவிட்டது. இன்றும் நம் சாலைகளில் ஓடும் லாரிகள் பலவற்றின் பின்சக்கரங்களில் இருப்பவை இவ்வாறு மறுபிறவி எடுத்த டயர்களே.

போர் 1945ஆம் ஆண்டில் முடிந்தது. பெட்ரோல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. அதனோடு, பாரவண்டிகளில் டீசல் எஞ்சினும் பரவலாயிற்று. காற்றை மிகுதியாக அழுத்தி அந்த வெப்பத்திலேயே எண்ணெயை எரிப்பதால், பெட்ரோல் எஞ்சினைவிட டீசல் எஞ்சின் ஒரு லிட்டரில் மிகுந்த தொலைவு ஓடும். சென்னைக்கு வடக்கே எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955ஆம் ஆண்டில் பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அசோக் லேலண்டு என்னும் பெயர் பெற்றது. டீசல் லாரிகளும் பஸ்களும் நம் நாட்டிலேயே உருவாகும் காலம் பிறந்தது.

அவ்வாண்டிலேயே, 1955 ஏப்ரல் 28ஆம் நாள், சுந்தரம் அய்யங்கார் கோடைக்கானலில் தம் எழுபத்தெட்டாம் வயதில் காலமானார். பொறுப்புகளை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் முன்னரே ஓய்வு பெற்றிருந்தார். அவருக்குப் பின் அவர்கள் வண்டி ஓட்டுவதோடு அமையாது வண்டியின் உறுப்புகளைச் செய்வதிலும் இறங்கினர். 1960களின் தொடக்கத்தில் சென்னையை அடுத்த பாடியில் சக்கரமும் பிரேக்கும் மின் கருவிகளும் செய்யும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கடல் கடந்து உறுப்பு வரும்வரை கொட்டகையில் வண்டி முடங்கிய பழைய துன்பம் அதனால் ஒழிந்தது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசு பஸ் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியபோது, மதுரையில் ஓடிய டி.வி.எஸ். பஸ்கள் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்கு உரியவாயின. அவற்றோடு அவற்றை ஓட்டிய தொழிலாளரும் கழகத்துக்குச் சென்றனர். அவர்களுள் மூத்தவர் சிலர், கரி அள்ளிப் போட்டு வண்டி எடுத்த நாட்களை நன்கு நினைவில் வைத்திருக்கும் வயதினர்.